நார்த்தங்காய் பாட்டிலில் நான் எழுதிய பேர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லிச் சொல்லி அதில் எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதவும், கோயில் திருவிழாவுக்குத் தட்டி எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புகுமுக வகுப்பில் இரண்டு தடவை நான் கோட்டை விட்டபோது அம்மா, "கையெழுத்துக்காவது பத்து மார்க் போட்டிருக்கலாம் பாவிங்க" என்று பேப்பர் திருத்தியவர்களைத் திட்டினாள். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன். இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்ல உட்கார்ந்தால் எழுத்து இன்னமும் அழகாகத்தான் வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு பார்சல் ஆபீசில் வேலை. எனக்கு இருபத்து மூன்று வயது. படிப்பும் ஏறவில்லை, வரனும் அமையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கு ஆறு மாதம் சமையல் தொழிலும் வியாபாரமும் சொல்லித் தருகிறார்களாம். அம்மா என் விலாவில் இடித்தாள். சமையல் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடமா என்று எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் சும்மா இருப்பது அதைவிட அவமானம் என்பதால் போனேன்.

காலையில் சமையல்கட்டு. ரொட்டி, பன், பிஸ்கட், ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய். பாட்டில்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பதிலிருந்து மூடிமேல் மெழுகு ஊற்றுவதுவரை எல்லாம் கடிகாரம் பார்த்துச் செய்யவேண்டும். மத்தியானம் வியாபார வகுப்பு. ரிட்டயர் ஆன பண்டகசாலை மேனேஜர் ஒருவர் வருவார். விலை எப்படி வைப்பது, கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, பாட்டிலில் என்ன எழுதி ஒட்டுவது என்று சொல்லித் தருவார். சாப்பிட்ட மயக்கத்தில் நாங்கள் தூங்கி வழிந்தால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். "யார் செஞ்சதுன்னு தெரியாத பண்டத்தை நாய்கூட மோந்து பார்க்காதும்மா!" என்பது அவருடைய வேதவாக்கு.

இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு. என் அடுப்புக்கு வந்து சேர்ந்தவர் சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு பெரிய தோட்டக்காரர் வீட்டு மருமகள். முப்பத்து நாலு வயது. கணவர் லாரியோடு ஆந்திராப் பக்கம் போய் விபத்தில் இறந்திருந்தார். வெள்ளைச் சேலை. என்னைவிடப் பத்து வயதுக்குமேல் பெரியவர், ஆனாலும் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். பாசம் வந்தால் "சாமி" என்பார். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

முதல் வாரத்தில் அக்காவை நான் கொஞ்சமாகவா கேலி செய்தேன்! புத்தகத்தில் எல்லாச் சமையலும் நாலு பேருக்கு என்று போட்டிருக்கும். அக்காவுக்கு நாலு பேருக்குச் செய்யவே வராது. உப்பு அள்ளினால் களையெடுக்க வந்த முப்பது பேருக்கு அள்ளுவார்.

"நாலு பேருக்குன்னா கையே ஓடமாட்டீங்குதுங்க சாமி. நாலு பேருக்கு எதுக்குங்க அடுப்புப் பத்த வெக்கோணும்?"

தராசு வைத்து நிறுக்கப் பழகினார். மூன்றாம் மாதம் கேக் பொங்கி வந்தபோது அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார். நிலையத்தில் எல்லோரையும்விட அக்காதான் வேகமாகக் கற்றுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது, எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. கணவரின் அண்ணன், அதாவது அக்காவின் மூத்தார், அந்தப் பிள்ளையைத் தன் மனைவியின் தம்பிக்குக் கட்டிவைப்பதென்று முடிவு செய்திருந்தார். அப்படிச் செய்தால் இறந்துபோன தம்பியின் பங்குப் பூமி வீட்டைவிட்டுப் போகாது. எட்டாவது முடிந்ததும் படிப்பை நிறுத்துவது, பெரியவளான பிறகு கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்போதே முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைப்பற்றி அக்கா ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. "அவரு நல்லவருதானுங்க. எம்புள்ளை படிக்கோணுங்க, அவ்வளவுதான்" என்பார்.

பெரிய சிஸ்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சமையல்கட்டில் உதவியாக இருந்த அம்மாள் கோடை விடுமுறையோடு வேலையை விடப்போகிறார். பயிற்சியை நல்லபடியாக முடித்தால் அந்த வேலை அக்காவுக்கு. நிலையத்துக்குள்ளேயே தங்க அறை உண்டு. பிள்ளையைப் பக்கத்திலேயே சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் ஒன்பதாவது சேர்த்துக்கொள்ளலாம். அக்காவின் திட்டம் சுலபமானது. மே மாதம் லீவில் பிள்ளைக்குச் சேலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவருவார். பிறகு திரும்பிப் போகமாட்டார். அதுவரை ஊரில் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது.

எதுவும் என்றால் சமையல் பயிற்சியே தெரியக்கூடாது. வீட்டில் அக்கா சொல்லியிருந்தது தையல் கற்றுக்கொள்ளப் போவதாக. தையல் என்றால் விதவைப் பெண்ணுக்குப் பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சோறு ஆக்கி விற்கக் கற்றுக்கொள்வதென்றால் வெட்டிப் போட்டிருப்பார்கள் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் கோயில் திருவிழாவில் அம்மா முறுக்குக் கடை போடுவாள். கூவிக் கூவி விற்பாள். அதில் என்ன கேவலம்?

"எங்க ஊட்டுல அப்புடியில்லீங்க. ஆரு வந்து ஊறுகா கேட்டாலும், மோரு கேட்டாலும் சும்மாதான் ஊத்தோணும். காசுக்குக் குடுத்தா அந்த ஊட்டுக்குக் கேடுகாலமுன்னு எங்க மாமியா சொல்லுமுங்க. சோத்தை வித்துத் திங்கறாங்கன்னு ஒரு சொல்லு வந்துருச்சுன்னா, பங்காளிங்க எங்க ஊட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க."

காது கொடுத்துக் கேட்டேன். புத்தியில் ஏறவில்லை.

வாரம் முழுக்க நிலையத்து விடுதியில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் நாமக்கல் பஸ் ஏறி ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலை வந்துவிடுவார். போகும்போது கையில் தைத்த துணி ஏதாவது இருக்கவேண்டுமே! ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக ஒன்பது பொய் வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவின் மிஷின் இருந்தது. நான்தான் வாரம் ஒன்று தைத்துக் கொடுத்தேன். பாவாடை, தலையணை உறை, கைக்குட்டை. ஒருமுறை மூத்தாரின் மனைவி தனக்கு ஜாக்கெட் கேட்டு அளவு ஜாக்கெட் அனுப்பிவிட்டாள். தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அக்கா வந்து சிரிப்பை அடக்கமுடியாமல், "கையி இறுக்குதாமுங்க. டீச்சருகிட்ட நல்லாக் கத்துக்கிட்டு வான்னு சொல்லி உட்டாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் மாவுக் கையோடு வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்லவேளை, அந்த வீட்டில் மிஷின் கிடையாது.

கடைசி மாதம் வந்தது. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பண்டம் செய்து நிஜமான கடையில் வைத்து விற்கவேண்டும். எந்த ஜோடியின் பண்டம் அதிகமாக விற்கிறதோ அவர்களுக்கு முதல் பரிசு, நிறைவு விழாவில் மேடையில் கொடுப்பார்கள். அக்காவும் நானும் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டோம். கொல்லிமலைக் காய். சேந்தமங்கலத்துச் சந்தையில் வாங்கி அக்கா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, நல்லெண்ணெயில் தாளித்து, கடைசியில் துளி வெல்லம். மூடியைத் திறந்தால் வாயில் எச்சில் ஊறும்.

பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு எழுதுவது என் வேலை. அதில் பண்டத்தின் பேர், செய்த நாள், செய்தவர் பேர், ஊர் எல்லாம் இருக்கவேண்டும் என்பது சாருடைய உத்தரவு.

"எம்பேரு மட்டும் வேண்டாமுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அக்கா அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனார்.

அவர் பேரை நான் எழுதவில்லை. என் பேரையும் எழுதவில்லை. கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் பேசிவைத்திருந்த மளிகைக்கடைக்காரர், "ஊர்ப்பக்கத்து ஊறுகாய்னு தெரியற மாதிரி ஒரு பேரு போடும்மா, அப்பத்தான் போகும்" என்று சொல்லியிருந்தார். எனக்கு உடனே மனதில் வந்தது அக்கா வீட்டுத் தோட்டத்தின் பேர். அந்தப் பக்கத்தில் ஆளைச் சொல்வதைவிடத் தோட்டத்தைச் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். நாலு தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கே அதுதான் பேர். அக்கா பேச்சுவாக்கில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே கம்பீரமாக இருக்கும். அதை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதியதே போதும்.

சிவப்பு மையில், நிழல் விழுகிற மாதிரி, வளைத்து வளைத்து எழுதினேன். அந்தத் தோட்டத்தின் பேர், கீழே "வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய்", அதற்கும் கீழே சேந்தமங்கலம். மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, சனிக்கிழமை சாயங்காலமே கடையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன். கடைக்காரர் எழுத்தைப் பார்த்து, "அச்சுல அடிச்சதாம்மா?" என்று கேட்டார். வீடுவரை காலில் தரை படாமல் வந்தேன்.

திங்கட்கிழமை அக்கா வந்து, நிலையத்தில் மிச்சமிருந்த பாட்டிலில் ஒன்றை எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அக்கா ஐந்தாவதுவரைதான் படித்தவர். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதைக் கிழிச்சுப் போடுங்க சாமி."

"ஏங்கா? உங்க பேரு இல்லியே."

"எம்பேரா இருந்தாலாவது நானொருத்தி போவனுங்க. இது ஊட்டுப் பேருங்க."

"இது சேலங்கா. உங்க ஊர்க்காரங்க யாரு இங்க வந்து ஊறுகாய் வாங்கப் போறாங்க?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளை அங்க இருக்குதுங்க" என்றார். 

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சீட்டை மாற்றிவிடுவதாகச் சொன்னேன். நிஜமாகவே மாற்றத்தான் நினைத்தேன். கடைக்குப் போனால் கடைக்காரர், "ரெண்டு நாள்ல பாதி போயிடுச்சும்மா, பேருதான் இழுக்குது" என்றார். மற்ற ஜோடிகளின் ஜாமும் ஸ்குவாஷும் வைத்த இடத்திலேயே தூசி பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாள்தானே, விற்பனை முடிந்துவிடும், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. மறுநாள் அக்கா கேட்டபோது, "மாத்தியாச்சு" என்றேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஒரு தப்பு. இந்தப் பொய் அதைவிடப் பெரிய தப்பு.

நடந்தது இவ்வளவுதான். அக்காவின் மூத்தாருக்கு லாரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த லாரி உரமூட்டை ஏற்ற கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தது. டிரைவர் கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்கலாம் என்று அந்த மளிகைக்கடைக்குப் போனான். சிவப்பு மையில் தன் முதலாளி தோட்டத்தின் பேரைப் பார்த்தான். பாவம், அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றைக்கூடத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்து, "நம்ம தோட்டத்து ஊறுகா சேலத்துல விக்குதுங்கோ!" என்று சொல்லியிருக்கிறான். பந்தலில் பங்காளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூத்தார் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சத்தம் போடுவார், அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பெரிய சிஸ்டரைக் கும்பிட்டார்.

"எங்க ஊட்டுப் பொம்பளையைக் கூட்டிட்டுப் போலாமுன்னு வந்தமுங்க. இத்தனை நாளு பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றிங்க."

சிஸ்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, நன்றாகப் படிக்கிற பெண் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தப் பாட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நிலையத்தில் இருந்ததை எல்லாம் விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். கடையில் மிச்சமிருந்ததை வரும்போதே வாங்கிக் கார் டிக்கியில் போட்டிருந்தார். ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"ஆரு இதை எழுதுனது?"

நான் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். கையை ஏப்ரனில் துடைக்க ஆரம்பித்தேன். 

"நாஞ்சொல்லித்தானுங்க மாமா எழுதுனாங்க" என்றார் அக்கா.

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டார். அழவில்லை, வாதாடவில்லை. பிள்ளை அங்கே இருக்கும்போது எதைச் சொல்லி வாதாடுவார்? என்னைக் கடக்கும்போது, "அடுப்பைப் பாருங்க சாமி, பன்னு கருகுது" என்றார். கார் கிளம்பிப் போனது. பன் கருகித்தான் போயிற்று.

நிறைவு விழாவில் முதல் பரிசு எங்கள் ஜோடிக்குத்தான். மொத்தப் பாட்டிலும் விற்றுப்போனது எங்களுக்கு மட்டும்தானே. மேடையில் நான் மட்டும் ஏறினேன். அன்றைக்காவது வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய சிஸ்டர், காலியான அந்த வேலைக்கு யாரையாவது போட்டாகவேண்டும் என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் அப்பா ரிட்டயர் ஆகப்போகிறார், எனக்கோ வேறு எதுவும் அமையவில்லை. இப்படிக் காரணங்கள் நிறைய இருந்தன. ஜூன் மாதம் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்து அறைக்குக் குடிவந்தேன்.

அக்காவைப் பார்க்கப் போக ஒன்றரை வருடம் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு மார்கழி மாதம், மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அக்காவுக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொல்லிக்கொண்டுதான் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். மூத்தார் ஊரில் இல்லை. அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அக்கா களத்தில் கடலைக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க சாமி" என்று எழுந்து வந்தார். ரொம்ப இளைத்திருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது மகள். நான் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மாவின் முகமேதான். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. செம்பை என்னிடம் நீட்டிவிட்டு, யாரோ கூப்பிட உள்ளே ஓடினாள். ஆவணியில் அந்த மாப்பிள்ளையோடு கல்யாணம் முடிந்துவிட்டது, இரண்டு பேரும் இங்கேயேதான் இருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார்.

"அக்கா, அந்தச் சீட்டை நான் மாத்தவே இல்லை. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன்."

"தெரியுமுங்க" என்றார் அக்கா. கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. கடலைக்காயைப் புரட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "மாமா கொண்டாந்து வெச்ச பாட்டில்ல எல்லாம் அதே பேருதானுங்களே இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் அவமானமாக இருந்தது. அக்கா என்னைத் தேற்றவில்லை. "அந்த வேலை ஆருக்குங்க குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்கா."

கடலைமேல் இருந்த கை நின்றது. பிறகு மறுபடி புரட்ட ஆரம்பித்தது. "நல்லதுங்க" என்றார். உள்ளே மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நாங்க வந்திருந்தா, அந்த ரூம்புல ரெண்டு பேருக்கு எடம் இருந்திருக்குமுங்களா சாமி?"

"இல்லீங்கா. ரொம்பச் சின்ன ரூம். ஒரு ஆளே நீட்டிப் படுக்க முடியாது" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்றார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டு முடித்த மாதிரி மூச்சு விட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று என்னை உள்ளே கூட்டிப்போனார்.

அந்த அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் நான் படுத்தேன். மற்றதில், அங்கே இருந்த இருபத்தேழு வருடமும், துவைத்த துணியைப் போட்டு வைத்திருந்தேன்.